ஊரிலிருந்து ஜெர்மனிக்குப் பார்சல்: அஞ்சலா, கூரியரா?

ஜெர்மனியில் வசிப்பவர்கள் ஊரிலிருந்து பார்சல் வரவழைக்கும்போது, கட்டணத்தை விசாரிக்கும் முன் பொருள் எவ்வளவு அவசரம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். பட்டச் சான்றிதழ் போன்ற மூல ஆவணங்களுக்கு டிஎச்எல், ஃபெடெக்ஸ் போன்ற கூரியர்களே ஏற்றவை. துணிமணிகளுக்கு இந்திய அஞ்சல் துறையின் இஎம்எஸ் என்னும் பன்னாட்டு விரைவு அஞ்சல் சேவையே போதும் என்பது என் கருத்து.

கூரியரில் பலர் ஏமாறுவது பருமன் எடையில்தான். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வரும் எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குவார்கள். அப்பளமும் வற்றலும் அடைத்த 40×30×30 பெட்டி தராசில் 3 கிலோ காட்டினாலும், கணக்கில் 7.2 கிலோ ஆகிவிடும்.

சுங்கப் படிவத்தில் ‘பரிசு’ என்று மட்டும் எழுதாமல், ‘பருத்திச் சேலை 2’ என்பதுபோலப் பொருளையும் மதிப்பையும் குறிப்பிடச் சொல்லுங்கள். தனிநபர் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் பரிசுக்கு 45 யூரோ வரை வரி இல்லை. நெய், பால்கோவா வேண்டாம். பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் இவ்வாறு அனுமதிப்பதில்லை.

தெருமுனை முகவரிடம் கொடுத்தால், எந்த நிறுவனம் வழியாக அனுப்புகிறார் என்று கேட்டு, அந்த நிறுவனத்தின் கண்காணிப்பு எண்ணையே வாங்கச் சொல்லுங்கள். முகவரின் சொந்த ரசீது எண் ஃபிராங்க்ஃபர்ட் சுங்கத்தில் எதற்கும் உதவாது.