காட்டெருமைக்குக் காலில் சாக்ஸ்

என் பேரனுக்கு இப்போது 22 மாதம். மகளும் மருமகனும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டால், பகல் முழுக்க அவன் என் பொறுப்பு. நான் குன்னூர் பக்கத்து அருவங்காட்டில், வெடிமருந்து செய்யும் கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பிள்ளைகள் பேச்சுப் பழகிய நாட்களில் நான் ஷிஃப்டில் இருந்தேன். அதனால் இவன் விஷயத்தில் எதையும் தவறவிடக் கூடாது என்று, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அவன் சொல்லும் புதுச் சொற்களை எழுதி வைக்கிறேன். நீங்களும் எழுதி வையுங்கள். டாக்டர் கேட்கும்போது ஞாபகத்தைத் தேட வேண்டியிருக்காது.

என் முதல் தாளில் சொல் எதுவும் இல்லை. 'விரல் நீட்டினான்' என்றுதான் இருக்கிறது. அப்போது அவனுக்கு 13 மாதம். குழந்தை எதையாவது சுட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால், 'நீயும் பாரு' என்று கூப்பிடுகிறது. கையில் என்ன வேலை இருந்தாலும் அந்தப் பக்கம் பார்த்து, அதன் பெயரைச் சொல்லுங்கள்.

புத்தகத்தை ஆறு மாதத்திலேயே கையில் கொடுக்கலாம். கடிக்கும், கடிக்கட்டும். கெட்டி அட்டை, பக்கத்துக்கு ஒரு படம், அது போதும். தலைகீழாகப் பிடிப்பதும் நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டுவதும் ஒன்றரை வயதில் சகஜம். ஒவ்வொன்றாகப் புரட்ட இரண்டு, இரண்டரை வயதாகும். அச்சடித்திருப்பதை வரி விடாமல் வாசிக்க வேண்டியதில்லை. "நாய் எங்கே?" என்று கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று எண்ணுவதற்குள் நானே காட்டிவிடுவேன். ஒரு நாள் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். ஏழு எண்ணும்போது விரல் மெதுவாக வந்து நாயின் காதில் நின்றது.

குன்னூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அக்டோபர், நவம்பர் மழையில் அட்டை ஊதிப் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் விரித்து வையுங்கள். பூஞ்சை ஏறியதைத் தூக்கிப் போடுங்கள். அது வாய்க்குள் போகிற பொருள்.

சொற்கணக்குக்கு வருவோம். 15 மாதத்தில் அம்மா, அப்பா தவிர ஒன்றிரண்டு சொல், ஒன்றரை வயதில் மூன்று சொல்லாவது சொல்ல முயல வேண்டும். இரண்டு வயதில் 'பால் வேணும்' மாதிரி இரண்டைச் சேர்க்கும். இரண்டரை வயதில் சுமார் ஐம்பது சொல் இருக்கும். பக்கத்து வீட்டுப் படுகர் அம்மா, பாலுக்குத் தங்கள் பாஷையில் 'ஹாலு' என்று இவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். "ரெண்டு பாஷை கேட்டா பிள்ளை குழம்பிடாதா?" என்றாள் என் மனைவி. குழம்பாது. பால் ஒரு சொல், ஹாலு ஒரு சொல். இரண்டும் என் தாளில் இருக்கின்றன.

ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டவில்லை, இரண்டு வயதாகியும் சொற்களைச் சேர்க்கவில்லை, பேசிய சொல்லே நின்றுபோனது என்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். 'ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்' என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுச்செவியில் நீர் கோத்து, கேட்பது மந்தமாகும். செல்போனை இரண்டு வயது வரை கொடுக்கவே வேண்டாம். வெளியூரில் இருக்கும் மாமாவோடு வீடியோ காலில் பேசினால் சரி.

இனி வெளியே கூட்டிப் போவது. முதல் தடவை ஊட்டி தாவரவியல் பூங்கா, ஏரி, கடைத்தெரு என்று ஒரே நாளில் அலைந்தோம். அவன் பாதி தூங்கினான், பாதி அழுதான். இப்போது ஒரு மணி நேரம், ஒரே இடம். குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் போனால் தள்ளுவண்டி வேண்டாம், ஏற்ற இறக்கம் அதிகம். குரங்கு இருக்கும், கையில் தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது குன்னூர் ரயில் நிலையம். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி இன்ஜின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறி வரும். இங்கே அதைக் கழற்றிவிட்டு, ஊட்டி வரை டீசல் இன்ஜினைப் பூட்டுவார்கள். பிளாட்பாரத்தில் நின்று பார்க்கலாம். மழைக்காலத்தில் மண் சரிந்து ரயில் ரத்தாகும், விசாரித்துவிட்டுப் போங்கள். புகையைப் பார்த்து இவன் 'பூ' என்றான். "ஆமாடா, புகை. வெள்ளைப் புகை" என்றேன். திருத்தவில்லை, ஒரு சொல் சேர்த்தேன். அன்று ராத்திரியே ரயில் படத்தைத் திறந்து காட்டினேன். வெளியே பார்த்ததை அன்றே புத்தகத்தில் காட்டினால் சொல் ஒட்டிக்கொள்கிறது.

போன வாரம் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் காட்டெருமை மேய்ந்தது. ஜன்னலுக்கு உள்ளிருந்தே பார்த்தோம், கிட்டே போகக் கூடாது. "ம்மா" என்று கத்தினான். நாலு கால் உள்ள எல்லாமே அவனுக்கு இப்போதைக்கு மாடுதான், இந்த வயதில் அப்படித்தான் இருக்கும். "காட்டெருமை. பாரு, காலில் வெள்ளை சாக்ஸ்" என்றேன். முழங்காலுக்குக் கீழே அதற்கு வெள்ளைதானே. ராத்திரி புத்தகத்தில் பசு மாட்டுப் படம் வந்தது. அவன் குனிந்து, அதன் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "சாக்கு இல்ல" என்றான்.

அன்றைய தாளில் அதை எழுதி, தேதிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.