டாக் மாற்றியதும் காற்றுத் திசை மாறுகிறதா? கருவியைச் சரிபாருங்கள்

பாய்மரப் படகுப் பந்தயத்தில் டாக் மாற்றும்போதெல்லாம் (படகின் முனையைக் காற்றின் குறுக்கே திருப்பி, காற்றை மறுபக்கத்தில் வாங்கும்போதெல்லாம்) திரையில் உண்மைக் காற்றுத் திசை (டி.டபிள்யூ.டி.) தாவினால், அது காற்று மாற்றமல்ல, கருவிப் பிழை. அதை நம்பி முடிவெடுத்தால் தவறான பக்கம் போய்ச் சேருவீர்கள்.

முதலில் படகின் அடியிலுள்ள வேகமானிச் சக்கரத்தைச் சுத்தம் செய்யுங்கள். பாசி படிந்தால் வேகம் குறைவாகக் காட்டும். காற்றுக் கோணக் கணக்கும் (படகின் முனைக்கும் காற்றுக்கும் இடையிலான கோணம்) கெடும். அடுத்து காம்பஸைச் (திசைகாட்டி) சரிபாருங்கள். இவை சரியான பிறகே காற்றுக் கோணத்தைத் தொட வேண்டும்.

பிறகு, 10–15 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) நிலையான காற்றில், அலை குறைந்த நீரில், காற்றை எதிர்த்து நான்கு முறை டாக் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் வேகம் முழுதாக வந்தபின் டி.டபிள்யூ.டி.யின் ஒரு நிமிடச் சராசரியைக் குறியுங்கள். ஸ்டார்போர்டு டாக்கில் (காற்று வலப்பக்கம்) 230°, போர்ட் டாக்கில் (காற்று இடப்பக்கம்) 220° என்றால், இரு பக்கமும் லிஃப்ட் (காற்றை நோக்கி இன்னும் நெருங்கிப் போகவிடும் காற்றுத் திருப்பம்) கிடைப்பதுபோல் காட்டுகிறது: கருவி காட்டும் காற்றுக் கோணம் கூடுதல். வித்தியாசத்தில் பாதியை, அதாவது 5°-ஐ, காற்றுக் கோணத்தில் குறையுங்கள். எண்கள் தலைகீழாக வந்தால் 5° கூட்டுங்கள்.

மென்காற்றில் இதைச் செய்யவே வேண்டாம். அப்போது மாஸ்ட் (பாய்மரக் கம்பம்) உச்சியில் ஒரு திசையிலும் நீர்மட்டத்தில் வேறு திசையிலும் காற்று வீசக்கூடும். திருத்தம் காற்றின் வேகத்துக்கேற்ப மாறும் என்பதால், வெவ்வேறு காற்று வேகங்களுக்குத் தனித்தனி அட்டவணை வைப்பது நல்லது.