1 ஜிபி சேர்வரில் ஸ்வாப்: எங்கே பிழை விடுகிறோம்

புறக்கோட்டைக் கடைக்கோ வெள்ளவத்தை டியூட்டரிக்கோ தளம் போட்டுக் கொடுப்பவர்கள் பலர் எடுப்பது சிங்கப்பூரில் இருக்கும் 1 ஜிபி ரேம் விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சேர்வர்). வாடகை டொலரில் என்பதால் பெரிய பிளானுக்கு மாறக் கை வராது. ஒருநாள் தளத்தின் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் செத்துக் கிடக்கும். கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லொக்கில் 'அவுட் ஒஃப் மெமரி' என்ற வரி இருந்தால், ரேம் போதாமல் கேர்னலே அதைக் கொன்றிருக்கிறது. அப்போதுதான் ஸ்வாப், அதாவது ரேம் போதாதபோது பயன்பட டிஸ்க்கில் ஒதுக்கும் இடம், ஞாபகம் வரும்.

முதலில் விபிஎஸ் எந்த வகை என்று பாருங்கள். ஓபன்விஇசட் வகைக் கொண்டெய்னரில் கேர்னல் உங்களுடையது அல்ல, பலர் பகிர்வது. ஸ்வாப் கோப்பைச் செய்தாலும் அதை இயக்கும் ஸ்வாப்ஒன் (swapon) கட்டளைக்கு அனுமதி கிடைக்காது. தனிக் கேர்னல் உள்ள கேவிஎம் வகை என்றால் பிரச்சினை இல்லை.

அளவில் 'ரேமின் இரண்டு மடங்கு' என்ற பழைய கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றத் தேவையில்லை. 1 ஜிபி ரேமுக்கு 1 முதல் 2 ஜிபி போதும். 8 ஜிபி கொடுத்தால் சாகவேண்டிய புரோகிராம் சாகாமல் டிஸ்க்கை அரைத்துக்கொண்டே இருக்கும்; எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகவும் முடியாது.

ஸ்வாப் கோப்பை உருவாக்கும் டீடீ (dd) கட்டளையில் புளொக் அளவை 1 ஜிபி, எண்ணிக்கையை 2 என்று கொடுப்பவர்கள் உண்டு. டீடீ ஒரு புளொக்கை முழுதாக ரேமில் வைத்துத்தான் எழுதும். இல்லாத ரேமுக்காகத்தானே இந்த வேலையே! புளொக் 1 எம்பி, எண்ணிக்கை 2048 என்று கொடுங்கள். கோப்பை உருவாக்க ஃபோலொகேட் (fallocate) கட்டளை வேகமானதுதான், ஆனால் கோப்பில் ஓட்டை இருப்பதாக ஸ்வாப்ஒன் முறையிட்டால் டீடீக்கே திரும்புங்கள்.

கோப்பை ஸ்வாப்பாகத் தயார்செய்யும் எம்கேஸ்வாப் (mkswap) ஓட்டுவதற்கு முன் கோப்பின் அனுமதியை 600 (உரிமையாளருக்கு மட்டும்) ஆக்குங்கள். ரேமில் இருந்த டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் அந்தக் கோப்பில் வந்து உட்காரலாம். 644 என்றால் சேர்வரில் கணக்குள்ள எவரும் வாசிக்கலாம்.

உண்மையான ஆபத்து, பூட் ஆகும்போது எந்த டிஸ்க்குகளையும் ஸ்வாப்பையும் இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் (/etc/fstab) கோப்பில். அதில் வரி சேர்க்காவிட்டால் அடுத்த ரீபூட்டோடு ஸ்வாப் போய்விடும். அது சின்ன விஷயம். சேர்க்கப் போய் இரட்டை அம்புக்குறிக்குப் (>>) பதில் ஒற்றையைப் (>) போட்டால் பழைய வரிகள் எல்லாம் அழிந்து, ரூட் டிஸ்க் எது என்ற குறிப்பும் போய்விடும். நிர்வாகி அனுமதி தரும் சூடோவோடு (sudo) எக்கோ (echo) போட்டு அம்புக்குறி வைத்தாலும் அனுமதி கிடைக்காது, ஏனென்றால் கோப்பைத் திறப்பது சூடோ அல்ல, கட்டளைகளை வாங்கும் உங்கள் ஷெல். அதற்காக, கோப்பில் எழுதும் டீ (tee) கட்டளைக்குப் போனால், கடைசியில் சேர்க்கச் சொல்லும் 'ஏ' (-a) ஒப்ஷனை மறக்காதீர்கள். மறந்தால் அதே அழிவுதான். முதலில் கோப்பைப் பிரதி எடுங்கள். வரியைச் சேர்த்தபின் ஸ்வாப்பை நிறுத்தும் ஸ்வாப்ஓஃப் (swapoff), ஸ்வாப்ஒன் இரண்டையும் 'ஏ' ஒப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். ரீபூட் செய்து சோதிப்பது அதற்குப் பிறகு.

கேர்னல் எவ்வளவு எளிதில் ஸ்வாப்பை நாடும் என்பதைக் காட்டும் ஸ்வாப்பினஸ் (swappiness) வழமையாக 60. 10 வைக்கலாம். 0 வைத்தால், ரேம் கிட்டத்தட்ட முடியும்வரை ஸ்வாப் தொடப்படாது, பிறகேன் போட்டீர்கள்?

கடைசியாக, ஸ்வாப் நிரம்பியிருப்பதைக் கண்டு பதற வேண்டாம். விஎம்ஸ்டாட் (vmstat) கட்டளையை ஒரு விநாடி இடைவெளியில் ஓட விட்டு, ஸ்வாப்பிலிருந்து வருவதையும் அதற்குப் போவதையும் காட்டும் எஸ்ஐ (si), எஸ்ஓ (so) நிரல்களைப் பாருங்கள். அவை பூச்சியத்தில் நின்றால் நல்லது. ஓயாமல் ஓடினால் இன்னும் ஸ்வாப் சேர்க்காமல், தளத்தின் பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் (PHP-FPM) பிள்ளைப் புரொசெஸ் எண்ணிக்கையைக் குறையுங்கள்.