மாவட்டம் மூன்றானது, என் தூக்கம் போனது

2019-இல் வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரித்தபோது எங்கள் அலுவலகத்தில் கோப்பைவிட வதந்திதான் வேகமாக நகர்ந்தது; யாருக்கு எங்கே மாற்றல் என்று டீக்கடையில் தினம் ஒரு பட்டியல். எனக்குத் தூக்கம் போச்சு, சாதாரணக் கூட்டலில்கூடத் தப்பு.

சரி என்று ஒருநாள் வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்துவிட்டு, என் மேசைக் கோப்புகள் எந்த மாவட்டத்துக்குப் போகும் என்று தாலுகா வாரியாக நோட்டில் எழுத ஆரம்பித்தேன்: ஆற்காடு, வாலாஜா ஒரு பக்கம், ஆம்பூர், வாணியம்பாடி இன்னொரு பக்கம். மாற்றல் என் கையில் இல்லை, நோட்டு இருந்தது. பதினொரு மணிவரை டீக்கடைப் பக்கமே போகவில்லை (வடை மட்டும் மேசைக்கு வந்துவிடும்). சாயங்காலம் கோட்டை அகழியோரம் அரை மணி நடை.

இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பியது. கடைசியில் ராணிப்பேட்டைக்குத்தான் போட்டார்கள். நோட்டோடு பஸ் ஏறினேன்.