நாங்கள் பச்சை என்று நம்பிய கால்சட்டை: பழைய கேசட்டிலிருந்து ஒரு விளம்பரத்தை மீட்பது எப்படி

குளச்சலில் கடற்கரையை ஒட்டியிருந்த எங்கள் ஓட்டு வீட்டில் 1980களின் பிற்பகுதியில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. கூரைக்கு மேலே இரும்புக் குழாயில் உயர்த்திக் கட்டிய ஆண்டெனாவை வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் கிடைக்கும். கிழக்கே திருப்பிச் சற்றுத் தெற்காக நகர்த்தினால், கடல் அசையாமல் கிடக்கும் இரவுகளில், இலங்கையின் ரூபவாகினி கிடைக்கும். அந்த ரூபவாகினியில்தான் நான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். இடுப்புக்கு மேல் ஆளே தெரியாமல் ஏழு கால்சட்டைகள் வரிசையாகப் படியிறங்கி வரும். பின்னணியில் ஒரு மத்தளம் மட்டும் ஒலிக்கும். கடைசிக் கால்சட்டை பாதிப் படியில் நின்று, திரும்பி, தனியாக மேலேறிப் போய்விடும். சிங்களத்தில் ஒரு பெண்குரல் நான்கைந்து சொற்கள் சொல்லும், அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. அது ஏன் திரும்பிப் போகிறது என்று வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் பேசியிருக்கிறோம்.

அந்த அரை நிமிடத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வீடியோ கேசட்டிலிருந்து மீட்டெடுத்தேன். இதுபோல் ஒரு விளம்பரத்தை மனத்தில் சுமந்துகொண்டிருப்பவர்கள் நம் குமரி மாவட்டத்தில் இன்னும் இருப்பார்கள் என்று நம்பி, அந்த வழியை இங்கே எழுதுகிறேன். திரைப்படங்களையும் தொடர்களையும் யாராவது எங்காவது சேமித்து வைத்திருப்பார்கள். விளம்பரமோ, வேறொன்றைப் பதிவு செய்தபோது கூடவே விழுந்த இடத்தில்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே அதைத் தேடுவது என்பது வீட்டுக் கேசட்டுகளைத் தேடுவதே.

கேசட்டைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, நினைவில் இருப்பதை எழுதிவிடுங்கள். உடன் பார்த்தவர்களிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால், குரல் ஓங்கியவரின் நினைவே எல்லோருடைய நினைவும் ஆகிவிடும். எங்கள் வீட்டில் கேட்ட நால்வரும், கால்சட்டைகள் பெரும்பாலும் பச்சை என்று அடித்துச் சொன்னார்கள். நானும் பச்சை என்றுதான் எழுதியிருந்தேன். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பச்சை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுந்தது.

விடை, பெட்டிக்கு முன்னால் தொங்கிய பிளாஸ்டிக் தாளில் இருந்தது. அக்காலத்தில் கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்கள் பலர், மேலே நீலமும் நடுவே செம்மஞ்சளும் கீழே பச்சையும் கொண்ட ஒரு கலர் ஷீட்டைத் திரையின்மேல் மாட்டிவைப்பார்கள். வானம் நீலமாகவும், முகம் மனித நிறமாகவும், தரை புல்லாகவும் தெரியட்டும் என்பது அதன் கணக்கு. கால்சட்டைகள் நடந்ததெல்லாம் திரையின் கீழ்ப்பகுதியில். நாங்கள் கண்டது கால்சட்டையின் பச்சை அல்ல, ஷீட்டின் பச்சை. உங்கள் வீட்டிலும் அப்படியொரு ஷீட் இருந்ததா என்பதைக் கட்டாயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஷீட் இல்லாமல் பார்த்திருந்தால், சாம்பல் நிறத்தின் அடர்த்தியிலிருந்து உண்மை நிறத்தை ஓரளவு ஊகிக்கலாம். தொலைக்காட்சி முறையில் ஒரு நிறத்தின் வெளிச்சத்தைக் கணக்கிடும்போது பச்சைக்கு ஏறத்தாழ 59 விழுக்காடும், சிவப்புக்கு 30 விழுக்காடும், நீலத்துக்கு 11 விழுக்காடும் பங்கு தரப்படுகிறது. எனவே கறுப்பு வெள்ளைத் திரையில் தெளிந்த மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளையாகவும், பச்சை நடுத்தரச் சாம்பலாகவும், சிவப்பு அதைவிட இருண்டும், நீலம் கறுப்பை ஒட்டியும் தெரியும். சாயமேற்றிய துணியில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும், எது வெளிறியது, எது இருண்டது என்ற நினைவு பிறகு கைகொடுக்கும். திரும்பிப் போன அந்தக் கடைசிக் கால்சட்டைதான் எல்லாவற்றிலும் வெளிறியது என்று அண்ணன் சொன்னதை நான் தனியே கோடிட்டு வைத்தேன்.

அடுத்தது கேசட். நம் மாவட்டத்தில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் உள்ள வீடுகளில் தேடத் தொடங்குங்கள். கேசட்டை ஓட்டவும் பதியவும் பயன்படும் டெக் முதலில் வந்து சேர்ந்தது பெரும்பாலும் அவ்வீடுகளுக்குத்தான். எங்கள் சித்தப்பா குவைத்திலிருந்து டெக்கை மட்டும் கொண்டுவந்து, அதைக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் இணைத்திருந்தார். பலருக்குத் தெரியாத, எனக்குப் பெரும் நம்பிக்கை தந்த செய்தி இதுதான்: டெக் தன் சொந்த ட்யூனர் வழியாக அலையைப் பெற்று, வண்ணத் தகவலைத் தாழ்ந்த அலைவரிசைக்கு மாற்றி நாடாவில் எழுதிவிடும். வீட்டுப் பெட்டி கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் நாடாவில் வண்ணம் இருக்கும்.

நாடகமோ கிரிக்கெட்டோ பதிவு செய்கையில் விளம்பரம் வரும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பதிந்த பொறுமைசாலிகளின் கேசட்டில் நமக்கு ஒன்றும் கிடைக்காது. பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போனவர்களின் கேசட்டே வேண்டும். மச்சில் கிடந்த பெட்டியை நான் இறக்கியபோது சித்தப்பா, "மக்கா, அதுல கிரிக்கெட்டு மட்டும்தானே கெடக்கு" என்றார். மூன்று மணி நேரக் கிரிக்கெட் கேசட்டைவிட நல்ல இடம் விளம்பரத்துக்கு வேறில்லை. கண்டெடுத்ததும் கேசட்டின் முதுகுப்புறத்து ஓரத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் டெக் அதன்மேல் புதிதாகப் பதியாது.

இனி வருவது மிகவும் கவனமாகச் செய்யவேண்டிய பகுதி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே பெறும் நம் மாவட்டத்தில் கேசட்டுக்குப் பெரும் பகை பூசணம். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடிச் சாளரம் வழியாக நாடாச் சுருளின் மேற்பரப்பைப் பாருங்கள். ஆரோக்கியமான சுருள் கறுத்து, வழவழப்பாக, ஒரே மட்டமாக இருக்கும். சாம்பல் பொடி தூவியதுபோலவோ, சிலந்தி நூல் படர்ந்ததுபோலவோ வெண்மை தெரிந்தால் அது பூசணம். அத்தகைய கேசட்டை ஒருபோதும் டெக்கில் போடக் கூடாது. நாடா கிழிவது ஒருபுறமிருக்க, பூசணம், நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். நான் அவசரப்பட்டுப் போட்ட முதல் கேசட் அப்படித்தான் போனது. அதில் என் பாட்டாவின் குரல் இருந்தது.

பூசணம் கண்ட கேசட்டை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில வாரங்கள் வையுங்கள். வெயிலில் காயவைப்பதும், தலைமுடி உலர்த்தியால் சூடுகாட்டுவதும் நாடாவை நெளியச் செய்துவிடும். ஈரம் போனதும் பூசணம் காய்ந்து பொடியாகும். அப்போது முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, பஞ்சு உதிராத துணியால் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். கேசட்டின் அடிப்பக்கத்தில் உள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றினால் கூடு திறக்கும். கழற்றுவதற்கு முன் உள்ளே நாடா செல்லும் பாதையைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் திரும்பப் பூட்டுவது எளிது. துடைத்த சுருள்களை வேறொரு சுத்தமான கூட்டுக்குள் மாற்றிவிடுவது நல்லது. நாடா ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிய மறுத்தால் அதோடு நிறுத்திவிட்டு, இத்தொழிலில் கை பழகியவரிடம் கொடுங்கள். இந்த வேலைகளுக்கு மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் கேசட்டைத் திறக்கவே வேண்டாம்.

டெக் புதிதாகக் கிடைக்காது. உலகில் கடைசியாக அதைத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே உறவினர் வீட்டில் தூங்கும் ஒன்றைத்தான் எழுப்பவேண்டும், நம் பகுதிக்குரிய பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் இயங்குவதாகப் பார்த்து. ரப்பர் பெல்ட்டுகள் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கி, மூடியைத் திறந்தால் பளபளக்கும் உருளை ஒன்று தெரியும். அதில் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அளவுக்குச் சிறிய ஹெட்டுகள் இருக்கின்றன. ஓடும்போது அது நொடிக்கு 25 முறை சுழலும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை உருளைமேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் உருளையின் மேற்பகுதியை மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் முறிந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் அதில் மாட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு, போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஒரு கேசட்டை முதலில் ஓடவிட்டுப் பாருங்கள். நாடாவைக் கடிக்காமல் ஓடினால், உங்கள் கேசட்டை ஒருமுறை முழுவதும் முன்னே ஓட்டி, பிறகு பின்னே சுற்றி, இழுவையைச் சீராக்கியபின் பதிவுக்குத் தயாராகுங்கள்.

பதிவைக் கணினியில் ஏற்ற, யூஎஸ்பி வழியாக இணையும் ஒரு வீடியோ கேப்சர் கருவி வேண்டும். டெக்கிலிருந்து படத்துக்கான மஞ்சள் கம்பியையும் ஒலிக்கான வெள்ளைக் கம்பியையும் அதில் செருகி, 720க்கு 576 என்ற அளவில், நொடிக்கு 25 சட்டகங்களாக, ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் படவரிகளைக் கலைக்காமல் பதியுங்கள். டி.வி. (DV) எனும் கோப்பு வடிவத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் பிடிக்கும். திரையில் சீப்புப் பற்கள்போல் தெரியும் கோடுகளைக் கண்டு பதற வேண்டாம். அவற்றை நீக்குவதை மூலப்பதிவில் செய்யாமல், நகல் ஒன்றில் செய்துகொள்ளலாம். கடை ஒன்றில் கொடுத்து மாற்றிவந்த வேறொரு கேசட்டை இதற்கு முன் பார்த்திருக்கிறேன். நாலுக்கு மூன்று என்ற பழைய படத்தை அகலத்திரைக்கு இழுத்திருந்தார்கள்; எல்லோருடைய கால்களும் குட்டையாகிவிட்டன. கடையில் கொடுத்தாலும், வடிவத்தை மாற்றாதீர்கள், மெருகேற்றாதீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வண்ணத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். ரூபவாகினி 1982 பிப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் கோபுரம் நின்ற பிதுருதலாகல மலை 2,524 மீட்டர் உயரமானது என்றாலும், குமரிக் கரையிலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பூமியின் வளைவைத் தாண்டி அவ்வலை சாதாரணமாக இங்கே எட்டாது. கடலின்மேல் ஈரக்காற்றும் அதற்கு மேலே வெப்பமான உலர்காற்றும் படலமாக அமையும் நாட்களில், அந்த எல்லையில் அலை வளைந்து வந்து சேரும். அதனால் கேசட்டில் படம் பொழுதுக்கொரு விதமாக இருக்கும். அலை மெலியும் இடங்களில் டெக்கும் தொலைக்காட்சியும் வண்ணத்தைத் தாமாகவே அணைத்துவிடும். படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். முதல் ஓட்டத்தில் நிறம் காணவில்லை என்றால் மனம் தளராதீர்கள். நாடாவின் தடத்தோடு ஹெட்டைப் பொருத்தும் டிராக்கிங் குமிழை இடமும் வலமும் மெல்லத் திருப்பி, அதே இடத்தை நான்கைந்து முறை பதியுங்கள். வேறொரு டெக்கிலும் முயலுங்கள். எனக்கு இரண்டாவது டெக்கில், மூன்றாவது ஓட்டத்தில் நிறம் வந்தது.

பதிந்த கோப்பை வேகமாக ஓட்டித் தேடாமல், உட்கார்ந்து முழுவதும் பாருங்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் மணி, நிமிடம், நொடி குறித்துக்கொண்டே வாருங்கள். நீங்கள் தேடாத ஒன்றை உங்கள் தங்கையோ மைனியோ தேடிக்கொண்டிருக்கலாம். அருகில் வரும் செய்தித் துணுக்கும் ஆட்டத்தின் எண்ணிக்கைப் பலகையும் நாளைக் கணிக்க உதவும். வீட்டார் பார்ப்பதற்கு நகல் எடுத்துக் கொடுங்கள். ஊரறியப் பரப்ப நினைத்தால், இந்தியச் சட்டப்படி திரைப்பதிவுகளுக்கு 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். கேசட்டை முழுவதும் பின்னே சுற்றி, புத்தகத்தைப்போல் நிமிர்த்தி, தரையிலிருந்து உயரமான அலமாரியில் வையுங்கள். கோப்பை இரண்டு தனித்தனி வட்டுகளில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

நாங்கள் அண்ணன் வீட்டில் சேர்ந்து பார்த்தோம். ஆட்டத்தின் நடுவே மத்தளம் ஒலித்தது; புள்ளி புள்ளியான திரையில் சிவப்பு, கருநீலம், ஊதா, செங்கல் நிறம், வான்நீலம், மறுபடி சிவப்பு என்று கால்சட்டைகள் படியிறங்கின. ஒன்றுகூடப் பச்சை இல்லை. ஏழாவது வந்தபோது திரை ஒருகணம் நிறமிழந்து, மீண்டும் நிறம் பெற்றது. அதற்குள் அது திரும்பிவிட்டிருந்தது. கேசட்டின் முதுகில் சித்தப்பா எழுதியிருந்த சீட்டுக்குக் கீழே இன்னொரு சீட்டு ஒட்டி, "1 மணி 47 நிமிடம். ஏழு கால்சட்டை. திரும்பிப் போவது மஞ்சள்" என்று எழுதியிருக்கிறேன்.