அலையில் படகை ஆட வைக்கலாமா?

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ‘பேரலை’ படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அதை ஜிஃப் எனும் அசையும் படமாக்கி வாட்ஸ்அப்பில் விட ஆசையா? கூகுளில் கிடைத்ததை எடுக்காதீர்கள். நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை தீர்ந்த படைப்புகளின் படங்களை சிசி0 உரிமத்தில் தருகிறது. தேடும்போது ‘ஓபன் ஆக்சஸ்’ என்பதை டிக் செய்தால் அவை மட்டும் வரும். வெட்டலாம், ஒட்டலாம், விற்கக்கூடச் செய்யலாம். யாரையும் கேட்க வேண்டாம்.

மென்பொருளுக்கு இலவச கிம்ப் போதும். முதலில் படத்தை 600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள், இல்லாவிட்டால் கோப்பு பூதமாகிவிடும். ஒரு படகை மட்டும் லாசோ கருவியால் வெட்டித் தனி லேயரில், அதாவது மேலடுக்கில், வையுங்கள். அடியில் விழும் ஓட்டையை நகலெடுத்துப் பூசும் குளோன் கருவியால் அலையின் நீலத்தைக் கொண்டு நிரப்புங்கள். பொறுமை வேண்டிய இடம் இது ஒன்றுதான். பிறகு படகை இரண்டு மூன்று பிக்சல் மேலே நகர்த்தி, லேயர் மெனுவில் ‘நியூ ஃப்ரம் விசிபிள்’ கொடுத்து (தெரிவதெல்லாம் ஒரே புது லேயராகும், அதுதான் ஒரு ஃபிரேம்), அந்தப் புது லேயரின் கண் அடையாளத்தை அணைத்துவிடுங்கள். இப்படி ஏற்றி இறக்கி நான்கைந்து ஃபிரேம். கடைசியில் மூல லேயர்களை நீக்கி, மற்றவற்றின் கண்ணைத் திரும்பப் போட்டு, ஜிஃப் ஆக ஏற்றுமதி செய்யும்போது ‘ஆஸ் அனிமேஷன்’ டிக், இடைவெளி 150 மில்லிசெகண்ட். படத்தில் பின்னால் தெரியும் ஃபூஜி மலையைத் தொடாதீர்கள். அது அசையாமல் நின்றால்தான் படகு ஆடுவது எடுபடும்.

ஜிஃப்பின் ஒரு ஃபிரேமில் 256 நிறங்களுக்கு மேல் வராது. அதனால் எண்ணெய் ஓவியங்கள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். ‘பேரலை’ போல நிறங்கள் குறைந்த மரச்செதுக்கு அச்சுப் படங்களே இதற்குத் தோது.