கோ சாமுய் விமான நிலையம்: டிக்கெட் எடுக்கும்போதே தொடங்கிவிடும் தவறுகள்

தாய்லாந்தின் கோ சாமுய் தீவிலுள்ள விமான நிலையத்தை அரசாங்கம் கட்டவில்லை. பேங்காக் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனம் கட்டி 1989இல் திறந்தது. இன்றுவரை நடத்துவதும் அதுவே. ஓடுதளமும் அதில் இறங்கும் பெரும்பாலான விமானங்களும் ஒரே கையில் இருக்கின்றன. இது தெரியாமல் மற்ற ஊர்களுக்குப் போடுவது போலவே திட்டம் போடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

முதல் தவறு, விலை இறங்கும் என்று காத்திருப்பது. ஓடுதளத்தின் நீளம் ஏறக்குறைய 2,100 மீட்டர்தான். பெரிய விமானம் வராது. ஒரு நாளில் இத்தனை விமானங்கள்தான் என்று சுற்றுச்சூழல் விதியும் வரம்பு வைத்திருக்கிறது. பேங்காக்கிலிருந்து பறந்துகொண்டிருந்த தாய் ஏர்வேஸும் 2018இல் நிறுத்திக்கொண்டது. இருக்கை குறைவு, போட்டியும் குறைவு. விலை எதற்கு இறங்கும்? தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஏப்ரலில் வரும் தாய்லாந்தின் தண்ணீர்த் திருவிழாவான சொங்க்ரான் நாட்களுக்கு இன்னும் முன்கூட்டியே. சிங்கப்பூரிலிருந்து ஸ்கூட் என்ற நிறுவனத்தின் நேரடி விமானம் இருக்கிறது. அந்த வழியாகப் போனால் மொத்தம் என்ன ஆகிறது என்றும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது பணத்தையும் நாளையும் சேர்த்து விழுங்கும் தவறு. பேங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள். சாமுய் விமானங்கள் பெரும்பாலும் கிளம்புவது சுவர்ணபூமியில். ஏர்ஏசியா போன்ற மலிவு விமானங்கள் இறங்குவது டான் முவாங்கில். இரண்டுக்கும் நடுவே பேங்காக்கின் போக்குவரத்து நெரிசல் கிடக்கிறது. அடுத்த பயணத்துக்கான டிக்கெட்டைக் காட்டினால் இலவசப் பேருந்து உண்டு, ஆனால் நெரிசல் நேரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். தனித்தனி டிக்கெட் என்றால் இமிக்ரேஷன், பெட்டி எடுப்பது, பேருந்து, மறுபடி செக்-இன் என்று எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரமாவது விடுங்கள். சாமுய் நிலையம் இரவு 10 மணிக்கு மேல் இயங்காது. மாலையின் கடைசி விமானத்தைத் தவறவிட்டால் அந்த இரவு பேங்காக்கில்தான்.

ஒரே டிக்கெட்டில் போகிறவர்களுக்கு வேறு குழப்பம் காத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து சாமுய் வரைக்கும் லக்கேஜ் போட்டிருந்தால், சுவர்ணபூமியில் வெளியே வரக்கூடாது. மாறிச் செல்வோருக்கான வழியிலேயே இமிக்ரேஷனை முடிக்க வேண்டும். அங்கே சட்டையில் ‘சிஐக்யூ’ (கஸ்டம்ஸ், இமிக்ரேஷன், நோய்த்தடுப்புச் சோதனை) ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைக் கிழித்துப் போடாதீர்கள். கஸ்டம்ஸ் சோதனை சாமுயில்தான், ஆகவே பெட்டியும் அங்குள்ள பன்னாட்டு முனையத்தில் வரும். உள்நாட்டு முனையத்தின் பெல்ட் அருகே எவ்வளவு நேரம் நின்றாலும் கிடைக்காது. தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையை (2025 மே முதல் கட்டாயம், கட்டணம் கிடையாது) வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பியிருக்க வேண்டும். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுடையது அல்ல.

கைப்பைக்கு 7 கிலோ என்று பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். பேங்காக் ஏர்வேஸில் பொதுவாக 5 கிலோதான். இந்தத் தடத்தில் ஏர்பஸ்ஸும் பறக்கிறது, ஏடிஆர் 72 என்ற விசிறி விமானமும் பறக்கிறது. ஏடிஆரில் ஏறுவது வால்பக்கக் கதவு வழியாக. தலைக்கு மேலுள்ள அறை தாழ்ந்து சரிந்திருக்கும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியைப் படுக்கப் போட்டாலும் மூடி இறங்காது, படிக்கட்டருகே வாங்கி விமானத்தின் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். மருந்து, பாஸ்போர்ட், பவர் பேங்க் மூன்றையும் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு அஞ்சி சூரத் தானி வரை பறந்து, பேருந்தில் டான்சாக் துறைமுகம் போய், அங்கிருந்து ஃபெர்ரி பிடிப்பது நல்ல வழிதான். நான்கு பேர் குடும்பம் ஒரு வாரம் தங்குவதென்றால் தாராளமாகச் செய்யலாம். நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு ஒன்றரை மணி நேரம், கடலில் இன்னொரு ஒன்றரை மணி நேரம், நடுவில் காத்திருப்பு. மூன்று நாள் பயணத்துக்கு இது தோதுப்படாது, போகவர ஒரு முழு நாள் கரைந்துவிடும். பிற்பகலுக்குப் பின் சூரத் தானியில் இறங்கும் விமானத்தையும் எடுக்காதீர்கள். கடைசி ஃபெர்ரி போய்விடக்கூடும்.

‘தாய்லாந்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம்’ என்பது புக்கெட்டுக்குப் பொருந்தும், சாமுய்க்கு அல்ல. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று இந்தத் தீவையும் நனைக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அதிலும் நவம்பர் உச்சம். விமானம் தாமதமாகும், கடல் கொந்தளித்தால் ஃபெர்ரியும் நிற்கும். அந்த மாதங்களில் சாமுயிலிருந்து கிளம்பும் நாளிலேயே ஊருக்கான விமானத்தையும் வைக்காமல், பேங்காக்கில் ஓர் இரவு ஒதுக்குங்கள்.

தீவில் டாக்ஸிகள் பெரும்பாலும் மீட்டர் போடுவதில்லை. தனியாகவோ இருவராகவோ வந்தால், ஆளுக்கு இவ்வளவு என்று சீட்டு கொடுக்கும் பகிர்வு வேனை நிலையத்திலேயே கேளுங்கள். நான்கு பேர் என்றால் டாக்ஸி விலையையும் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சாவெங் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது, நாத்தோன் என்ற ஊரோ தீவின் மறுகோடியில். விடுதியை எடுக்கும்போது இந்தத் தூரத்தையும் பாருங்கள்.

திரும்பும்போது ஒரே டிக்கெட்டில் வெளிநாடு வரை போகிறவர்கள் பன்னாட்டு முனையத்துக்கும், பேங்காக் வரை மட்டும் போகிறவர்கள் உள்நாட்டு முனையத்துக்கும் போக வேண்டும். காத்திருக்கும் இடம் சுவரில்லாத, கூரை வேய்ந்த கொட்டகை, ஏ.சி. இருக்காது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் விசிறிக்கு நேரே உள்ள இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.